ஒருக்களித்துக் கிடந்தது

கடலாய்வுக் கூடத்தில் அவளை எல்லாரும் ஸ்லைடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடல்நீரைச் சொட்டுச் சொட்டாக ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டில் விட்டு, நுண்ணோக்கியில் டயாட்டம் பார்ப்பது அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. டயாட்டம் என்றால் பாசிதான். ஆனால் கண்ணாடி டப்பாவுக்குள் குடித்தனம் நடத்துகிற பாசி. ஓடு முழுக்க ஊசி குத்தினாற்போல் வரிசை வரிசையாகத் துளை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், யாருமே பார்த்திராத டயாட்டம் ஒன்றைக் கண்டுபிடித்து, வரைந்து, கூடத்து டைரக்டர் கையில் கொடுத்தாள். அது அவருடைய கண்டுபிடிப்பாக அச்சில் வந்தது, அவர் மாமியார் பெயரைச் சூட்டிக்கொண்டு. போய்க் கேட்டாள்.

"நீ கண்ணு, நான் மூளைம்மா. கண்ணுக்குத் தனியா பேர் போடுவாங்களா?"

அவளும் சிரித்துவைத்தாள். வீட்டில் நாத்தனார்தான் சமாதானம் சொன்னாள். "விட்டுத்தள்ளுங்க அண்ணி. மாமியார் பேரை வச்சதுக்கே அந்தாளு வீட்டுல தினம் அனுபவிப்பாரு."

"அது பத்தாது" என்றாள் அக்கா.

பதிலுக்குச் செய்யும் சமயம் படகடியில் சுரண்டிய அழுக்கில் வந்தது. அதில் ஒரு டயாட்டம் ஒருக்களித்துக் கிடந்தது. அரதப்பழசான வகை. முகம் காட்டிக் கிடந்தால் நீள ஓடம் மாதிரி இருக்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் பெயர் சொல்லிவிடுவார். ஒருக்களித்தாலோ இடுப்பு வளைந்த பெட்டி, ஆளே வேறு. கோப்புகளைத் தவிர வேறெதையும் வருஷக்கணக்காகப் பார்க்காத டைரக்டருக்கு இதெல்லாம் மறந்திருக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். பக்கவாட்டுத் தோற்றத்தை மட்டும் வரைந்து, 'எந்த வகையிலும் சேரவில்லை' என்று எழுதி, நோட்டை மேஜைமேல் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தைக் காணோம்.

மாசம் திரும்புவதற்குள் டைரக்டரிடமிருந்து நிபுணர்களுக்கு அழைப்புப் போனது. உயிரோடிருக்கும் டயாட்டத்தையே பெரிய திரையில் காட்டப்போகிறாராம். தகடு தயார்செய்ய அவளைக் கூப்பிட்டவர், குழைந்த குரலில் அச்சடித்த கட்டுரையை நீட்டினார். அவர் பெயருக்குக் கீழே அவள் பெயர்.

"பழசெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா."

அச்சில் அவள் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. நாத்தனாருக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"இப்பவே உண்மையச் சொல்லிடுங்க அண்ணி. அந்தக் குழியில நீங்களும்தான் விழுவீங்க."

"தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

கூட்டத்தில் டைரக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். முன்வரிசையிலிருந்த நரைத்தலை நிபுணர் அம்மாள் திரையையே பார்த்திருந்துவிட்டு, இதன் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

"இதுதாங்க முகமே" என்றார் டைரக்டர்.

நுண்ணோக்கியருகே நின்ற அக்கா ஒரு பென்சிலை எடுத்து, தகட்டின் மூடுகண்ணாடியை மெல்லத் தட்டினாள். உள்ளே நீர் அசைந்தது. இடுப்பு வளைந்த பெட்டி சோம்பலாகப் புரண்டு, திரை நிறைய ஓடமாக மல்லாந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள்.

"ரெண்டு பேர் போட்டிருக்கே, யார் பார்த்தது?" என்று கேட்டார் அம்மாள்.

"நான்தாங்க. பழசுன்னு தெரிஞ்சேதான் புதுசுன்னு வரைஞ்சு வச்சேன். சார் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம கிழிச்சு எடுத்துக்கிட்டாரு."

அம்மாள் பேனாவைத் திறந்து, கையிலிருந்த கட்டுரையில் இரண்டு பெயர்களையும் ஒரே கோட்டில் அடித்தார். அக்கா அதைப் பார்க்கவில்லை. டைரக்டரின் காது மடல் சிவந்து, கழுத்து சிவந்து, சட்டைக் காலருக்குள் சிவப்பு இறங்குவதை, ஒரு புள்ளி விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.