மூன்றாம் ரோலரின் இடது பக்கம்

"கட்டாதேன்னா கட்டாதே! அப்புறம் அவுக்க ஆள் தேடுவே!"

"குரலை இறக்குக்கா. நாப்பது பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. அந்த நாப்பது பேருக்கும் எம்பது கை இருக்கில்ல?"

அந்தச் சலவை ஆலையில் ரகசியம் பேசுவதற்கே தொண்டை கிழியும். ஏழு டிரம்மும் சுற்றி, மூன்று ரோலரும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும் கூடத்தில் சண்டை போடுவதென்றால் கேட்கவே வேண்டாம். காதில் விழாதவர்களுக்கு விழுந்தவர்கள் சொன்னார்கள், கையோடு இரண்டு வார்த்தை கூட்டியும் சொன்னார்கள். எல்லார் கையும் வேலையில் இருந்தது, கண் மட்டும் கிழிசல் மேசைப் பக்கம்.

மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவள் சூப்பர்வைசர். சுவரைப் பார்க்காமலே மணி சொல்வாள் என்பதால் கூடத்தில் அவளுக்குக் 'கெடிகாரம்' என்று பெயர். எட்டு மாதத்துக்கு முன் பதவி வந்ததும் முகத்துக்கு நேரே 'மேடம்' ஆனாள், முதுகுக்குப் பின்னால் கெடிகாரமாகவே ஓடிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் ஊசியக்கா. கெடிகாரத்தைவிட இரண்டே வயது மூத்தவள். பதவியில் அவளுக்குக் கீழே அந்த ஆலையில் துடைப்பம்தான் இருந்தது.

தகராறு மூன்றாம் ரோலரைப் பற்றி. ரோலர் என்பது ஒரு கட்டில் அகலத்துக்குக் கொதிக்கும் உருளை. இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து உள்ளே கொடுப்பார்கள். மறுபக்கம் அது அப்பளம் போல் வரும். உருளைக்கு முன்னால் விரல் உயரத்தில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. துணி சுருண்டு மோதினாலும் சரி, விரல் மோதினாலும் சரி, எல்லாம் நின்றுவிடும். மூன்றாம் ரோலர் ஒரு நாளைக்கு முப்பது தடவை நின்றது. மறுபடி சூடேற ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். இதற்கு நடுவில் புதிதாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விரிப்புகள் வேறு வண்டி வண்டியாக வந்து இறங்கின. "அந்தக் கம்பிக்கு ஏதாவது பண்ணுங்க" என்றார் மேனேஜர். என்ன பண்ண வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் எதையும் முழுதாகச் சொல்கிறவர் அல்ல. கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடலாம் என்றாள் கெடிகாரம்.

ஊசியக்கா மடியிலிருந்த விரிப்புகளை மேசைமேல் ஒவ்வொன்றாக விரித்தாள்.

"பதினோரு ஷீட். எல்லாமே இடது மூலை, ஓரத்துலேருந்து சரியா ஒரு சாண். இது தானா கிழிஞ்சது இல்லடி, கடிச்சது. உருளை மேல சுத்தின கம்பளி அந்தப் பக்கம் தேஞ்சுபோயிருக்கு, துணியக் கவ்வி இழுக்குது. கம்பிக்கு ஒரு கோளாறும் இல்ல. அது கத்துது. கத்தற வாயக் கட்டிட்டா வலி போயிடுமா?"

"நீ என்ன மெக்கானிக்கா?"

"தைக்கிறவ. எந்த மெஷின் எந்தப் பல்லால கடிக்குதுன்னு எனக்குத் தெரியும். இத்தன நாளா என்கிட்ட அதத்தான கேட்டே?"

கடைசி வாக்கியத்தை அவள் விழுங்கியிருக்கலாம்.

ஏனென்றால் அது உண்மை. எட்டு மாதமாகச் சனிக்கிழமை மதியம் டீ நேரத்தில் கெடிகாரம் அந்த மேசைக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஊசியக்கா நேராக எதையும் சொல்லமாட்டாள். நூலைப் பல்லால் கடித்தபடி, "இதுல யார் கை உள்ள போகுது?" என்பாள். தாமதமாக வருகிறவர்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டப்போவதாகக் கெடிகாரம் சொன்னபோது, "தாராளமா ஒட்டு. முதல் பேரா உன் பேர எழுது, போன மாசம் ரெண்டு நாள் நீயும் லேட்டு" என்றாள். பட்டியல் ஒட்டப்படவில்லை. யார் யார் வீட்டில் என்ன இடைஞ்சல் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்கப்பட்டது, தாமதம் பாதியாகக் குறைந்தது. ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காத டிரம்காரிகள் இருவரை ஒரே தள்ளுவண்டியில் போடச் சொன்னதும் அவள்தான். இப்போது அவர்கள் ஒரே டம்ளரில் டீ குடிக்கிறார்கள். நல்ல பெயரெல்லாம் மேடத்துக்கு. ஊசியக்காவுக்கு ஒரு டீ.

ஆனால் போன வாரம் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "முடிவெல்லாம் எடுக்கறது நீங்களா, தையல்காரம்மாவா?" என்று கேட்டுவிட்டார். அதே நாள் மடிக்கும் பகுதிக்காரி ஒருத்தி, ஊர் வம்பைச் சுமப்பதில் அவளுக்கு இணை அவளேதான், கெடிகாரத்தின் காதில் ஒரு வேடிக்கையைப் போட்டாள். "பெரிய முள்ளு ஊசியக்காவாம், சின்ன முள்ளு நீங்களாம் மேடம். நான் சொல்லலப்பா, சொல்றாங்க." அது நெஞ்சில் போய்த் தைத்துக்கொண்டது.

"நான் கேட்டா நீங்க சொல்லுங்க" என்றாள் கெடிகாரம், நாற்பது பேருக்கும் கேட்கும்படி. "இப்ப கேக்கல."

'நீ' என்பது 'நீங்க' ஆனதும் ஊசியக்கா விரிப்புகளை மடித்து வைத்தாள்.

மறுநாள் கிழிசல் மேசை பின்னாலிருந்த பழைய சோப்புக் கொட்டகைக்குப் போயிற்று. முக்காலி கூடத்திலேயே நின்றது, யாரோ அதன்மேல் சோப்புத்தூள் டப்பாவை வைத்தார்கள். ரோலர் கிழித்த விரிப்பு இனித் தையலுக்குப் போகாது, நேராகத் துடைக்கும் துணிதான் என்று உத்தரவாயிற்று. ஏற்கெனவே ஒருமுறை தைக்கப்பட்ட அப்படியொரு விரிப்பிலிருந்து கெடிகாரம் ஒரு நீளத் துண்டைக் கிழித்தாள். தன் கையாலேயே தடுப்புக் கம்பியை மேலே தூக்கிக் கட்டினாள். நழுவாமலிருக்க இரட்டை முடிச்சு.

மூன்றாம் ரோலர் அதன்பின் நிற்கவேயில்லை. பத்து நாளில் எண்ணிக்கை ஏறிற்று. மேனேஜர் அவள் மேசைக்கு ஒரு குட்டி மின்விசிறி அனுப்பிவைத்தார். துணி வந்து குவிந்த தள்ளுவண்டிகளுக்கு இடமில்லாமல் அவற்றை ஓரச் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். ரோலர்களை நிறுத்தும் சிவப்பு விசை அந்தச் சுவரில்தான் இருந்தது. அது மறைந்துபோனதை யாரும் சொல்லவில்லை. மேடத்திடம் யார் போய்ச் சொல்வது?

மூன்றாம் ரோலரின் இடது மூலையைப் பிடிப்பவள் கெடிகாரத்தின் நாத்தனார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மூன்று மாதம் பாக்கி. ஒருநாள் மாலை வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணி, இடது பக்கம் சுருக்குன்னு இழுக்குது. விரலால ஓரத்தத் தள்ளிவிட்டாத்தான் நேரா போகுது."

"கையுறை போட்டுக்கோ."

"போட்டா ஓரம் கைக்குத் தெரியல. என்னை மடிக்கற பக்கம் மாத்திவிடுங்களேன்."

"உன்னை மாத்தினா, நாத்தனாருக்கு நிழல் பாத்துக் குடுத்தான்னு பேசுவாங்க. உனக்குத் தெரியாதா அவங்க வாயி?"

நாத்தனார் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஊசியக்காவ ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அங்க சூப்பர்வைசர் நானா அவளா?"

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று அவள் சிரித்தாள். மாமியார் உள்ளேயிருந்து, "ரெண்டு பேரும் தண்ணிய மூடிட்டுச் சண்ட போடுங்கடி" என்றாள். பேச்சு அதோடு நின்றது.

நின்றது என்று சொன்னாலும், மறுநாள் காலை கெடிகாரம் கூடத்தின் பின்கதவைத் திறந்து வெளியே வந்தாள். சோப்புக் கொட்டகை முப்பது அடி தூரம். திறந்திருந்த வாசலில் ஊசியக்காவின் குனிந்த தலை தெரிந்தது. பாதி தூரம் நடந்தாள். மாடி ஜன்னலில் மேனேஜர் டீக் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார், அவளைப் பார்த்துத் தலையாட்டினார். கெடிகாரம் அங்கேயே குனிந்து, சாக்கடை மூடியைத் தூக்கி அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். அடைப்பு இல்லை. திரும்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது. அலறல் எழுந்தபோது கூடத்தில் மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் ரோலரும், நாத்தனாரின் கையைக் கவ்வியபடி, ஓடிக்கொண்டிருந்தது. மறுபக்கம் மடிக்கிறவளுக்கு விரிப்பு வழக்கம்போல் சூடாக, சுருக்கமில்லாமல் வந்தது. அவள் ஒரு மூலையைப் பிடித்துவிட்டுத்தான் கத்தினாள்.

விசையை நோக்கி ஓடியவர்கள் வண்டிகளில் மோதிக்கொண்டார்கள். கெடிகாரம் கம்பியில் தொங்கி முடிச்சை நகத்தால் பிடுங்கினாள். ஆவியில் நனைந்து இறுகிய இரட்டை முடிச்சு. "கத்தரி! கத்தரி குடுங்க!" கத்தரிக்கோல் எப்போதும் பத்தடி தள்ளி, கிழிசல் மேசைமேல்தான் கிடக்கும். அங்கே மேசை இல்லை. ஊசியக்கா கொட்டகையிலிருந்து ஓடிவந்து அந்தத் துண்டை வெட்டினாள். கம்பி விழுந்தது, உருளை நின்றது. ஒன்றரை நிமிடம் ஆகியிருந்தது. சுவரைப் பார்க்காமலே கெடிகாரத்துக்குத் தெரிந்தது.

ஆலை வேனில்தான் கொண்டுபோனார்கள். வேன் டிரைவர், சிக்னல் எதையும் பார்க்காமல் ஓட்டினானாம். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் தடுப்புக் கம்பிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். வண்டிகள் சுவரைவிட்டு நகர்ந்தன. சனிக்கிழமை விசாரணைக்காரர்கள் வருவதற்கு முன்பு மேனேஜர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். தடுப்பு நல்ல நிலையில் இருந்தது, தொழிலாளி கவனக்குறைவாகக் கையை உள்ளே நீட்டினார் என்று அதில் இருந்தது. சூப்பர்வைசர் கையெழுத்துக்கென்று அடியில் கோடு போட்டிருந்தது.

"சார், நீங்கதான் கம்பிக்கு ஏதாவது பண்ணச் சொன்னீங்க."

"ஏதாவதுன்னுதானேம்மா சொன்னேன். கட்டச் சொன்னேனா? அந்த முடிச்சு யாரு போட்டது?" குரலில் கோபமே இல்லை. "யோசிச்சுக் குடுங்க. மதியம் மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

சனிக்கிழமை டீ நேரம். கெடிகாரம் தாளோடு சோப்புக் கொட்டகைக்குப் போனாள். உட்கார முக்காலி இல்லை, நின்றாள். ஊசியக்கா தாளை இரண்டு முறை வாசித்தாள்.

"கேக்க வந்தியா, சொல்ல வந்தியா?"

"கேக்கத்தான் வந்தேன்க்கா."

"அப்ப உள்ளத எழுது. யார் சொன்னாங்க, யார் கட்டினாங்க, ரெண்டையும் எழுது. வேலை போகும். வேற என்னென்ன போகுமோ எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பொண்ணுக்கு ஒரு வழி பொறக்கும். இந்தத் தாளு போனா அவளே தன் கைய வெட்டிக்கிட்ட கணக்கு, ஒரு பைசா வராது."

"எனக்கும் பிள்ளைங்க இருக்குக்கா."

ஊசியக்கா தாளை நீட்டினாள். கெடிகாரம் வாங்கிக்கொண்டாள். கொட்டகை வாசலைத் தாண்டும்போது அவள் நடை வேகமாயிற்று, மணி மூன்றாக ஐந்து நிமிடம்தான் இருந்தது.

கையெழுத்தான அந்தத் தாளோடு விசாரணை அரைமணியில் முடிந்தது. கிழிந்ததைத் தைப்பதில்லை என்று ஆனபின் தைக்க ஓர் ஆள் எதற்கு என்று அடுத்த மாதம் ஊசியக்காவை நிறுத்தினார்கள். நிறுத்தியபோது அவளுடைய கத்தரிக்கோலையும், ஆலைச் சொத்து என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு துணிக்கடை வாசலில் மெஷின் போட்டுக்கொண்டாள். கெடிகாரம் மேடத்துக்குப் பக்கத்து ஊர் கிளையில் பெரிய பதவி கிடைத்தது. குழந்தைகளோடு அங்கேயே குடிபோனாள். புருஷன் வாரம் ஒருமுறை போய்வந்தான், மாமியார் போகவேயில்லை.

நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை வீட்டார் கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, வருவதைத்தான் நிறுத்திக்கொண்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டது அந்த வேன் டிரைவர். அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. பதிவு அலுவலகத்தில் முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறுவதாக ஏற்பாடு. சாட்சிக்கு ஊசியக்கா வந்திருந்தாள். இன்னொரு சாட்சி வேண்டும் என்றார் குமாஸ்தா. பெண்ணின் அம்மா, கெடிகாரத்தின் மாமியார், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசி வரிசை பெஞ்சிலிருந்து கெடிகாரம் எழுந்து வந்தாள்.

பெண் இடது கையால் பேனாவைப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று அது படியேறி இறங்கிற்று. அதற்குக் கீழே ஊசியக்கா போட்டாள். அதற்கும் கீழே கெடிகாரம், பழகின கை, ஒரே இழுப்பில் போட்டாள்.

நாத்தனார் குனிந்து பார்த்தாள்.

"உங்க கையெழுத்து எப்பவும் அழகு அண்ணி" என்றாள்.

ஒன்றே கால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று டிரைவர் பையைத் தூக்கினான்.