பதினாறில் ஒரு பங்கு

மூன்றாம் மாடியில் இருந்தவருக்கு அளப்புக்காரர் என்று பேர். அதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். அவர் பழைய டிராக்டர்களை அளந்து, பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி, பொம்மையாகச் செய்கிறவர். அளவுகோலை எடுத்து அளந்தாரானால் முடி அகலம் பிசகாது. வாயைத் திறந்து அளந்தாரானால் அதில் முடி அகலம்கூட நிஜம் இருக்காது.

வீட்டில் இருந்த இரண்டு அறைகளில் பெரியதை வண்டிகளுக்குக் கொடுத்துவிட்டுச் சின்னதில் அவர் படுத்துக்கொண்டார். மொத்தம் நாற்பத்துமூன்று. இரும்புச் சக்கர டிராக்டர், நீராவியில் ஓடிய கதிரடிக்கும் இயந்திரம், ஐந்து கொழுக் கலப்பை, விதை போடும் பெட்டி. எல்லாம் பிஸ்கட் டின்னிலும் பித்தளைத் தகட்டிலும் பிறந்தவை. டீ வடிகட்டியின் வலை ரேடியேட்டர் ஆகியிருந்தது. தீர்ந்துபோன பால்பேனா ரீஃபில், புகைக்குழாய். ஹெட்லைட்டுகள் மட்டும் அண்ணியின் தையல் பெட்டியிலிருந்து வந்த பிரஸ் பட்டன்கள்.

கதிரடிக்கும் இயந்திரம் ஒரு நாள் தானாகவே ஓடி, பக்கத்தில் சாத்தியிருந்த துடைப்பத்தை இழுத்துப் போட்டு அடித்து, கால் கிலோ விதை எடுத்துவிட்டது என்று கீழ்வீட்டு வாத்தியாரிடம் சத்தியம் செய்வார்.

"துடைப்பத்துல என்னய்யா வெதை?"

"வெதச்சுப் பாத்தாத்தானே தெரியும்? பாத்ரூம்ல ரெண்டு மொளச்சிருக்கு. போய்ப் பாருங்க."

வாத்தியார் போய்ப் பார்ப்பார். இரண்டு துடைப்பம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணி வருவார். அண்ணி என்றால் அளப்புக்காரரின் அண்ணன் மனைவி. இரண்டு தெரு தள்ளி வீடு, எழுபத்துநான்கு வயது. வாழ்நாள் முழுவதும் தையல் மெஷினை மிதித்ததில் வலது முழங்கால் கொஞ்சம் வளைந்திருந்தது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, அடுத்த கண்ணுக்கு முறை வரவில்லை. பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு நாற்பத்துமூன்று வண்டியையும் தூசி தட்டுவார். தட்டி முடித்ததும் அதே கேள்வியைக் கேட்பார்.

"எல்லாத்தையும் செஞ்சே. உங்கண்ணன் வண்டிய மட்டும் ஏன் தம்பி செய்யல?"

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாடகைக்கு உழுத நீல டிராக்டரைப் பற்றிய கேள்வி. அவர்கள் வாங்கும்போதே அது இரண்டு கை மாறிய கிழட்டு வண்டி.

"அந்த நீலத்த இப்ப யாரும் தயாரிக்கிறதில்ல அண்ணி. வானம் கேஸ் போட்டுருச்சு."

"ஜெயிச்சுதா?"

"வாய்தா போயிட்டிருக்கு."

இப்படியே பத்துப் பதினைந்து வருஷம் வாய்தா போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அடுத்த மாசம் மக வீட்டோட போறேன் தம்பி. டிக்கெட் போட்டாச்சு. உன் கேஸ் முடியற வரைக்கும் எனக்குப் பொழுதில்ல. அவரு வண்டியச் செஞ்சு குடு, அங்க ஜன்னல்ல வெச்சுக்கறேன்."

மகள் இருக்கும் இடத்துக்கு விமானத்தில் பதினான்கு மணி நேரம். போனால் திரும்பி வருகிற வயதும் இல்லை. அளப்புக்காரர் வாயைத் திறந்தார். வழக்கமாக அங்கே வரிசையில் நிற்கும் பொய்களில் ஒன்றுகூட வரவில்லை.

"சரி அண்ணி" என்றார்.

அண்ணன் எப்படிச் செத்தார் என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் காற்று என்பார்கள். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன் ஒரு பகலில் சாலையில் போய்க்கொண்டிருந்த டிராக்டர் சட்டென்று வலது பக்கம் இழுத்துக் கவிழ்ந்தது. அண்ணன் அடியில் கிடந்தார். முதலில் ஓடியவர் தம்பி. பின்னால் வந்தவர்கள் "என்னாச்சு, என்னாச்சு" என்றபோது அவர் வாயில் வந்த சொல் "காத்து." அன்று மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. இருந்தாலும் இருபத்தைந்து வயதுப் பையன் அண்ணனை மடியில் போட்டுக்கொண்டு காற்று என்று சொல்லும்போது, இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

சொன்ன காற்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் அது சூறைக்காற்று ஆனது. மூன்றாம் மாதம் வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கியது. எட்டாம் மாதம் துக்கம் விசாரிக்க வந்த ஒருவரிடம், முழு வண்டியும் எழும்பித் தபால் ஆபீஸ் கூரைக்கு மேலே போனதாகவும், அங்கே அண்ணன் முறைப்படி இண்டிகேட்டர் போட்டுத்தான் திரும்பினதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே தைத்துக்கொண்டிருந்த அண்ணி மெஷினை நிறுத்தினார்.

"அந்த வண்டிக்கு ஏது இண்டிகேட்டரு?" என்றவர் சிரித்துவிட்டார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்து முடித்து அழுதார். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் மறுபடி ஒழுங்காக அடுப்பு எரிந்தது.

அதற்கப்புறம் கதையை நிறுத்த முடியுமா?

நீல டிராக்டரை முக்கால்வாசி செய்ய ஒன்பது நாள் ஆனது. புகைப்படம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. இடது மட்கார்டில் இருந்த நெளிவு, சீட்டுக்கு அடியில் வைத்துக் கட்டிய சாக்கு, உடைந்து ஒட்டுப் போட்ட ஸ்டியரிங், எல்லாம் கை பாட்டுக்கு வந்தது. பத்தாவது நாள் பிரேக்கில் வந்து நின்றார்.

டிராக்டருக்கு பிரேக் பெடல் இரண்டு. வலது பின்சக்கரத்துக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. வயலில் சாலடித்து மூலைக்கு வந்ததும் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் வண்டி நின்ற இடத்தில் திரும்பும். வயலை விட்டுச் சாலைக்கு ஏறும்போது இரண்டு பெடலையும் ஒரு கொக்கியால் பூட்டிவிட வேண்டும், ஒன்றை மிதித்தால் இரண்டும் இறங்கும்படி. பூட்டாமல் வேகத்தில் போய் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் சுழன்று கவிழும். கவிழ்வதற்குக் காற்று தேவையில்லை.

அன்று காலையில் உழுதவர் தம்பி. கொக்கியைக் கழற்றியவரும் அவர்தான். உழவு முடிந்து வண்டியை வீட்டுக்கு எதிரே வரப்போரம் நிறுத்திவிட்டுக் கைகால் கழுவப் போனார். கொக்கியைப் போடவில்லை. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கவில்லை, நினைப்பே வரவில்லை. அதற்குள் அண்ணன் வந்து ஏறிப் போய்விட்டார். கவிழ்ந்த இடத்துக்குத் தம்பி ஓடியபோது முதலில் கண்ணில் பட்டது அண்ணன் அல்ல, தொங்கிக்கொண்டிருந்த கொக்கி. ஆட்கள் வருவதற்குள் கையை விட்டு அதைப் பூட்டினார். பூட்டிவிட்டுத்தான் அண்ணனைத் தூக்கினார்.

ஷெல்ப்பில் இருந்த டிராக்டர்களில் இரட்டைப் பெடல் உள்ள ஒவ்வொன்றிலும் கொக்கி பூட்டியே இருந்தது. நின்ற இடத்தை விட்டு நகராத பொம்மைக்கு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அவ்வளவு சின்னதை யாரும் பார்த்ததும் இல்லை.

பதினாறில் ஒரு பங்கில் அந்தக் கொக்கி ஓர் எள்ளின் நீளம். முதல் கொக்கியைப் பூட்டி வைத்தார். வண்டி அழகாக இருந்தது. அது அந்த வண்டியாக இல்லை. பிய்த்துப் போட்டுவிட்டு இரண்டாவதைத் திறந்து வைத்தார். அந்த வண்டியாகவே இருந்தது. பார்க்க முடியவில்லை. இப்படி ஐந்து கொக்கி வீணாயிற்று. கடைசியில் ஆறாவதைத் திறந்தபடியே விட்டார். தைரியம் வந்து அப்படி விட்டார் என்று சொல்வதற்கில்லை. செய்த தப்பை எள்ளளவுக்குச் சுருக்கிக் கையில் கொடுத்துவிட்டால், கண்ணில் பட்டால் படட்டும், படாவிட்டால் சொல்ல வேண்டிய கடமை தீர்ந்தது என்று ஒரு யோசனை. அண்ணிக்கு ஒரு கண்ணில் புரை என்பதும் அந்த யோசனையில் சேர்த்திதான்.

அண்ணி வந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். நீல டிராக்டர் ஜன்னலோரம் ஒரு துணியின் மேல் நின்றது. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிட்டக் குனிந்து பார்த்தார், தலையைச் சாய்த்து நல்ல கண்ணால் பார்த்தார். அப்புறம் கண்ணை நம்பாமல் விரலை நீட்டினார். ஊசியில் நூல் கோர்ப்பதற்கே அவருக்கு விரல்தான் கண்.

மட்கார்டின் நெளிவில் விரல் நின்றது. "குட்டிச் செவுத்துல இடிச்சது நாந்தான். கல்யாணமான புதுசு. ஓட்டக் கத்துக்குடுக்கறேன்னு ஏத்தி விட்டாரு" என்றார். சீட்டுச் சாக்கைத் தொட்டார். "இதக்கூட விடலியா நீ!" ஸ்டியரிங்கைத் திருப்பினார், முன்சக்கரம் திரும்பியது. சிரித்தார். கியர் கம்பி, கிளட்ச், அப்படியே வலது பக்கம்.

நகத்தால் ஒரு பெடலை அழுத்தினார். அது இறங்கியது. பக்கத்துப் பெடல் அப்படியே நின்றது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடியும் ஒன்றுதான் இறங்கியது.

"தம்பி."

"ம்."

"ரெண்டும் சேந்துல்ல எறங்கணும்?"

"ஆமா அண்ணி."

"கொக்கி ஒடஞ்சிருச்சா?"

"ஒடையல. நாந்தான் போடல."

"இதுலயா?"

"அதுல."

அண்ணியின் விரல் பெடலிலேயே இருந்தது. அளப்புக்காரர் மீதியையும் சொன்னார். கைகால் கழுவப் போனது, ஓடி வந்தது, ஆட்கள் வருமுன் பூட்டியது. காற்றுக் கதையைச் சொல்ல முக்கால் மணி நேரம் பிடிக்கும். இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அண்ணி எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடியது. அளப்புக்காரர் வாசலை எட்டிப் பார்த்தார். அண்ணியின் செருப்பு இருந்தது. ஒரு செருப்பைப் பார்த்து மனுஷன் இவ்வளவு ஆறுதல் அடைய முடியும் என்று யாராவது கதை விட்டிருந்தால் அவரே நம்பியிருக்க மாட்டார்.

அண்ணி முகம் கழுவிக்கொண்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அவரு எதுக்கு அவ்வளவு வேகமாப் போனாருன்னு நீ ஒரு தடவகூடக் கேக்கலியே தம்பி."

 கேட்டால் பேச்சு கொக்கியில் வந்து முடியுமோ என்று பயந்து கேட்காமல் இருந்தவர் அளப்புக்காரர்.

"என் மெஷின் ரிப்பேர் கடையில கெடந்துச்சு. ஒரு மணிக்குக் கடைக்காரன் பூட்டிட்டுப் போயிடுவான். நான் வாசல்ல நின்னு கத்தறேன், இன்னிக்கு எடுக்கலன்னா வாரம் பூரா நான் சும்மாதான் குந்தியிருக்கணும்னு. எப்பவும் ஏறி உக்காந்ததும் மொதல்ல காலால கொக்கியத் தட்டிப் பாப்பாரு. உனக்கே தெரியும். அன்னிக்குத் தட்டல. நான் கத்திக்கிட்டே இருந்தேன்."

"அண்ணி..."

"மறுநா யாரோ மெஷினக் கொண்டாந்து போட்டாங்க. அதுலதான் இத்தன வருஷமும் தச்சேன். வேற வாங்கல."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சக்கரம் ஒவ்வொரு படியிலும் இடித்து இறங்கி முடிகிற வரை இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்" என்றார் அண்ணி. "ஒருத்தருக்கொருத்தர் திட்டித் தீத்திருக்கலாம். இப்படி வாரா வாரம் தூசி தட்டிக்கிட்டு..."

"பூட்டிக் குடுத்துடட்டுமா அண்ணி? இடுக்கி இருக்கு. ஒரு நிமிஷம்."

"வேணாம். ஒருக்கா பூட்டினதே போதும்."

அந்தச் சொல் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. அண்ணி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. துணியின் நான்கு முனையையும் தூக்கி டிராக்டரைச் சுற்றி முடிந்தார். மடியில் வைத்துக்கொண்டார். புறப்படவில்லை.

"காத்துக் கதையச் சொல்லு" என்றார்.

"அது பொய்யி அண்ணி."

"நெசத்தத்தான் இப்பச் சொல்லிட்டியே. அங்க போனா அந்தப் பொய்யச் சொல்றதுக்கு எனக்கு யாரு இருக்கா? சொல்லு."

அளப்புக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எத்தனையோ தடவை சொன்ன கதை. ஆரம்பம் பிடிபட நேரமாயிற்று.

"அன்னிக்கு மத்தியானம், அண்ணன் வந்து வண்டியில ஏறினாரு."

"ம்."

"ஏறினதும் காலால கொக்கியத் தட்டிப் பாத்தாரு. பூட்டியிருந்துச்சு."

அண்ணிக்கு 'ம்' கொட்டக் கொஞ்சம் தாமதமானது. "ம்."

"ரோட்டுக்கு வந்தாரு. அங்கதான் அந்தக் காத்து காத்துக்கிட்டு நின்னுச்சு. மொதல்ல முன்சக்கரம் எழும்புச்சு. அப்புறம் பின்சக்கரம். தபால் ஆபீஸ் கூரைக்கு மேல வந்ததும் இண்டிகேட்டரப் போட்டாரு."

"அந்த வண்டிக்கு ஏது இண்டிகேட்டரு?"

"கைய நீட்டினாரு அண்ணி. மொறப்படி, வலது பக்கம்."

"ம்."

"மேல போனாரு. தண்ணி டேங்க் தாண்டி, பறவ தாண்டி. நீலத்துல நீலம், வண்டி எது வானம் எதுன்னு தெரியல. புகைய வெச்சுத்தான் அடையாளம் பாத்தோம்."

வழக்கமாக இந்த இடத்தில் காற்று நிற்கும். வண்டி தலைகீழாக வந்து விழும். கேட்கிறவர்கள் அதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அளப்புக்காரர் நிறுத்தினார்.  

மடியில் இருந்த முடிச்சை அண்ணி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் அண்ணி. இன்னும் எறங்கல."