ஆறு வரி அறிக்கை

...இல்லை, இதற்கு ஆ தான் விடை, கேள்வியில் கொடுத்த விதியில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார், மனசு சொல்வதைக் கேட்காதே என்றுதானே அந்த வீடியோ வாத்தியார் தொண்டை கிழியக் கத்துகிறார், நாய் கடித்தால் வளர்த்தவர் பொறுப்பு, அவ்வளவுதான், வாலை யார் மிதித்தார்கள் என்பது எனக்கு எதற்கு... சரி, பன்னிரண்டாவது கேள்வி. சாப்பாட்டு இடைவேளை முப்பது நிமிடம், கேள்வி முப்பது, கிடங்கின் பதிவு மேசையில் ஒரு கையில் ரொட்டி, மறு கையில் பேனா. ஞாயிற்றுக்கிழமை சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. முப்பத்தொரு வயசுல உனக்கு எதுக்குடி இது என்று அக்கா கேட்டாள், வீட்டுக்காரர் மட்டும், 'கனம் நீதிபதி அவர்களே, துவைச்ச துணியை உலர்த்தியாச்சா?' என்று கிண்டலடித்துக்கொண்டே அவரே உலர்த்திவிடுவார், பாவம். சே, எங்கே இருந்தேன்? ஒரே கேள்வியை மூன்று தடவை படித்துவிட்டேன், ஏன் இன்றைக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை? தெரியாதாக்கும் உனக்கு. மாடியில் மேனேஜர் அறையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் அண்ணனை உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். போன வியாழக்கிழமை அவர் தூக்கிய அடுக்கு சரிந்து பதினாறு வாஷ்பேசின் சுக்குநூறு. நல்லவேளை, யார் மேலும் விழவில்லை.

சம்பவ அறிக்கை எழுதுவது என் வேலை. எப்போதும் இரண்டு பக்கம் வளவளவென்று எழுதுவேன், யார் எங்கே நின்றார், என்ன சொன்னார், தரை ஈரமா... இந்தத் தடவை ஆறே வரி. விதி: இறுக்குப் பட்டை கட்டாத அடுக்கைத் தூக்கக் கூடாது. நடந்தது: பட்டை கட்டவில்லை, தூக்கினார், சரிந்தது. முடிவு: ஓட்டியவர் பொறுப்பு. நான்கு மாதமாக மாதிரித் தேர்வு எழுதிப் பழகிய கை அல்லவா, சட்டென்று வந்து விழுந்தது. மேனேஜர் கூப்பிட்டு, "வக்கீல் மாதிரியே எழுதியிருக்கேம்மா" என்றார், அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை, வீட்டில் போய் அதையே நான்கு தடவை சொன்னேன். வெட்கங்கெட்டவள். சூப்பர்வைசர் கத்தியது எனக்குக் கேட்காமலா இருந்தது? இரண்டடி தள்ளித்தானே நின்றேன். "பட்டையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், லாரி நிக்குது, எடுய்யா!" அது விதியில் இல்லை, வெளி விஷயம், வெளி விஷயத்தை வெட்டு... வெட்டிவிட்டேன்.

மாடிப்படியில் காலடிச் சத்தம். அண்ணன்தான். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு எதிரே வந்து நின்றார், நான் கேள்வித்தாளை ஏன் மூடினேன்?

"என்னண்ணே ஆச்சு?"

"வேலையை விட்டுத் தூக்குறாங்கம்மா. நாலு மணிக்கு வந்து கையெழுத்துப் போடணுமாம்."

"சூப்பர்வைசர்தான் எடுக்கச் சொன்னார்னு சொன்னீங்களா?"

"சொன்னேனே. அவர் இல்லவே இல்லைங்கறார். அறிக்கையிலயும் அப்படி ஒண்ணும் இல்லையேன்னு கேக்குறாங்க. உன்னைச் சொல்லலம்மா, நீ எழுதினதுல ஒரு வார்த்தை பொய்யில்ல, நான்தானே தூக்கினேன்... சரி, நீ படி. பரீட்சை கிட்ட வந்துருச்சில்ல?"

போய்விட்டார். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன். நாலு மணிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது, மாடிக்குப் பதினெட்டுப் படி, போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பழக்கதோஷத்தில் விட்டுப்போச்சு சார், தேர்வுக்குப் படிக்கிறேனில்லையா, கை அப்படியே... என்ன மனசே, சிரிக்கிறாய்? அவர்கள் நம்புவார்கள், நான் சொன்னால் நம்புவார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லையே, அதற்கு என்ன செய்ய? அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசரிடம் அறிக்கையை மட்டுமா நீட்டினேன்? அடியில் தேர்வு நாளான ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்கு விடுப்புச் சீட்டும் இருந்தது, பத்து நாளாக அப்புறம் பாக்கலாம் என்று அவர் தள்ளிக்கொண்டே இருந்த சீட்டு. ஆறு வரியையும் நிதானமாகப் படித்தார், நிமிர்ந்து ஒரு தடவை என்னைப் பார்த்தார், பிறகு இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். எந்த வாத்தியாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. இரண்டையும் சேர்த்துக் கிளிப் போட்டது நான்தான்.