ஜெசப் கிளப்பில் பாடியவள்

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, பழைய ஆட்களின் நினைவுகளைப் பதிவுசெய்ய நூலகத்திலிருந்து வந்த ரெனிடா மெல்லச் சொன்னாள்: "ஆன்ட்டி, உங்கப்பா பேசும்போது குறுக்கே பேசிடாதீங்க. தப்பா சொன்னாலும் விட்ருங்க."

வெர்லீன் தலையாட்டினாள். நெடுஞ்சாலை போடுவதற்காக கறுப்பர்கள் வாழ்ந்த ரோண்டோ தெருவை இடித்துத் தள்ளுவதற்கு முன்பு, அங்கே ஜெசப் கிளப்பில் வாசித்த இசைக்குழுவில் மிஞ்சியிருப்பவர் அவள் அப்பா எல்பர்ட் மட்டும்தான். இப்போதெல்லாம் காலையில் சாப்பிட்டது அவருக்கு மத்தியானம் நினைவிருப்பதில்லை. பழசு பத்திரமாக இருக்கும் என்று நம்பித்தான் அழைத்து வந்திருந்தாள்.

அப்பா உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். "சனிக்கிழமைன்னா ஊரே எங்க வாசல்லதான். முடிவெட்டுற கிளெம் இருக்கானே, நான் டிராம்போன எடுத்து ஊதினேன்னா, பாதித் தலையோட ஆள விட்டுட்டு ஓடி வந்துருவான்!"

ரெனிடா சிரித்துவிட்டாள். "யார் பாடினாங்க, ஐயா?"

"டெட்ராய்ட்லேர்ந்து டோலரஸ்னு ஒரு பொண்ணு வந்துச்சு. அதுதான்."

டோலரஸ் வந்தது ஒரே ஒரு கோடையில். மற்ற நாளெல்லாம் பாடியவள் அவர் மனைவி இமோஜீன், வெர்லீனின் அம்மா. செத்துப்போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவள் குரல் எந்த இசைத்தட்டிலும் ஏறவில்லை.

வெர்லீனால் பொறுக்க முடியவில்லை. "அப்பா, அம்மா பாடலையா?"

"எங்கம்மாவா? அவ கோரஸ்ல நிக்கவே வெக்கப்படுவா."

"உங்கம்மா இல்லப்பா. என் அம்மா. இமோஜீன்."

அவர் ரெனிடா பக்கம் திரும்பினார். "கேள்வி கேக்க வந்தது நீயா, இந்தம்மாவா?"

ரெனிடா சங்கடத்தோடு கருவியை வெர்லீன் பக்கம் நகர்த்தினாள். "நீங்க சொல்லுங்க ஆன்ட்டி. அவங்க குரல் எப்படி இருக்கும்?"

வெர்லீன் கருவியை அருகே இழுத்துக்கொண்டாள். கிளப்புக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். அவள் வளர்வதற்குள் கிளப்பும் இல்லை, தெருவும் இல்லை. அதன்பின் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலைக்குப் போன அம்மா, வீட்டில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கூட இவள் கேட்டதில்லை. வெர்லீனுக்குத் தெரிந்ததெல்லாம், சவரம் செய்துகொண்டே அம்மாவின் பாட்டைப் பற்றி அப்பா பெருமையடித்ததுதான்.

"அவங்க பாட ஆரம்பிச்சா, சீட்டாடுறவன்கூட சீட்டைக் கீழ வெச்சிருவானாம்," என்றாள். கடன் வாங்கிய பேச்சு போல் அவள் காதுக்கே பட்டது. கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அப்பா ஆவலோடு அவள் பக்கம் சாய்ந்தார். "அவ்வளவு நல்லா பாடுமா அந்தப் பொண்ணு?"

"நான் கேட்டதில்லப்பா. நீங்கதான் கேட்டவங்க."

"நானா!" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு, மேலே அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்.