வாசப்படி இல்லாத ஊடு

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் காலை பதினொன்றரைக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் சொர்ணம் பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவாள். திருநின்றவூரிலிருந்து வரும் வண்டியில் அவளுடைய அண்ணி அனுசுயா இறங்குவாள். கையில் ஒரு கட்டைப்பை, உள்ளே முருங்கைக்கீரையோ கருவாடோ இருக்கும். ரெண்டு பேரும் அரைமணி நேரம் பேசுவார்கள். அடுத்த வண்டியில் அனுசுயா திரும்பிப் போய்விடுவாள். நடுவில் ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம், நாலு நிமிஷம்தான். அந்த நாலு நிமிஷத்தை அவர்கள் வீட்டு ஆம்பிளைகள் இரண்டு பேரும் ஒன்பது வருஷமாகக் கடக்கவில்லை.

எதற்கு என்று கேட்பீர்கள். பெரிய காரணம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், கண்ணுங்களா. ஒரு வேட்டிதான் காரணம்.

சொர்ணத்தின் அண்ணன் செல்வகுமார் ஆவடி ஃபேக்டரியில் பர்மனென்ட். சொர்ணத்தின் புருஷன் எத்திராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர். கம்பெனி மாறிக்கொண்டே இருப்பார். அண்ணன் திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிபோன அன்றைக்கு, சபையில் முதல் வேட்டி கூடப் பிறந்தவள் புருஷனுக்குத்தான் தரவேண்டும். அதுதான் முறை. செல்வகுமாரோ தன் செக்‌ஷன் ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் கொடுத்தார். "இன்னா மச்சான், நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரியலியா?" என்று எத்திராஜ் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். செல்வகுமாரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "நீ எப்பவும் வாங்குற கைதான மாப்ள. கொஞ்சம் பொறுத்து வாங்கு."

சபையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சொன்ன வார்த்தையைக்கூட மறந்திருப்பார் எத்திராஜ். அந்தச் சிரிப்பை அவரால் மறக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே அங்காளம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "செல்வகுமார் ஊட்டு வாசப்படிய மிதிச்சா என் காலு வெளங்காம பூடட்டும்." பூசாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

இப்போது எத்திராஜின் ஒரே மகள் பானுப்பிரியாவுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் கையால் நெற்றியில் பட்டம் கட்டாமல் பெண்ணை மணையில் உட்காரவைக்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டிலும் கேட்டுவிட்டார்கள், மாமன் யார் என்று.

"உன் சித்தப்பா மவன் சம்பத்து கட்டட்டும். அவனும் உனக்குத் தம்பி மொறதான," என்றார் எத்திராஜ், பொண்டாட்டியிடம்.

பானு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அம்மா கூடப் பொறந்தவரு உயிரோட இருக்கறப்ப இன்னொருத்தர் கட்டுனா நான் மணையில உக்கார மாட்டேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காதப்பா." எட்டாவது படிக்கும்போது டெங்கு வந்து கிடந்தாள் அவள். ரத்தத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது செல்வகுமார்தான். சொன்னால் செய்கிற பெண் என்பது எத்திராஜுக்குத் தெரியும். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தப் பக்கம் செல்வகுமார் வேறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தார். அதைத்தான் அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்து அனுசுயா அப்படியே சொன்னாள்.

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தட்டு எடுத்துகினு, நான் துன்னு தூங்குற எடத்துக்கு வந்து கூப்புடணுமாம். கோயில்ல வெச்சு, ரோட்டுல வெச்சுக் குடுத்தா அது பத்திரிக இல்லியாம், நோட்டீஸாம்."

"இது எங்க ஆவறது அண்ணி. அவரு அந்த வாசப்படிய மிதிக்க மாட்டாரு. அண்ணன் அத்த உட்டு எறங்க மாட்டாரு."

அனுசுயா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, தன்னோடு பேசிக்கொள்வது மாதிரி சொன்னாள்: "துன்னு தூங்குற எடம்னுதான் சொன்னாரு. ஊடுன்னு சொல்லல."

அதிலிருந்து பிறந்ததுதான் படகு. பானுவின் ஆபீஸில் எல்லோரும் ஆலப்புழை போய், படகிலேயே சமைத்துச் சாப்பிட்டு, படகிலேயே தூங்கி வந்திருக்கிறார்கள். படமெல்லாம் இருந்தது. பானுவையும் சேர்த்து மூன்று பேரும் அதே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் படகுக்காரரிடம் பேசினார்கள். சின்னப் படகு, இரண்டு ரூம், ஒரு சமையல்கட்டு. பகலில் ஆற்றோடு போய்க் காயலைச் சுற்றும். மீன்காரர்கள் வலை விரிப்பதால் சாயங்காலம் ஐந்தரைக்குள் கரை ஓரம் கட்டிவிட வேண்டும். ஏசி ஒன்பது மணிக்குத்தான் போடுவார்கள். அவர் மலையாளம் கலந்து சொல்லச் சொல்ல, "ம்ம், ம்ம்" என்று சொர்ணம் தலையாட்டினாள். அவளுக்கு அதெல்லாம் எதற்கு? தண்ணீர்மேல் நிற்கிற இடத்துக்கு வாசப்படி கிடையாது. அண்ணன் அங்கே சாப்பிடுவார், தூங்குவார். அது போதும்.

கடைசியில் படகுக்காரர் கேட்டார்: "பார்ட்டி பேரு யாருடேது? ஆதார் ஒண்ணு வேணம்."

"எங்க ஊட்டுக்காரரு பேரே போடு பானு," என்றாள் அனுசுயா. "எங்கன்னாலும் மொதல்ல அவரு பேரு இருந்தா, அப்புறம் வாயத் தொறக்க மாட்டாரு."

மூன்று பேருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அது யார் வீடும் இல்லை என்று சொல்லி எத்திராஜைக் கிளப்பினாள் சொர்ணம்; துன்னு தூங்குற இடத்துக்கே பத்திரிகை வரும் என்று சொல்லிச் செல்வகுமாரைக் கிளப்பினாள் அனுசுயா.

ரயிலில் எத்திராஜ் குடும்பம் ஒரு கோடியிலும் செல்வகுமார் குடும்பம் மறு கோடியிலுமாகப் போனார்கள். அப்படித்தான் டிக்கெட் போட்டிருந்தாள் பானு. அனுசுயா சுட்டுக் கட்டிய இட்லி, பொடி தடவி, ஒன்பது பெட்டி தாண்டி வந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டதும் எத்திராஜ் நிறுத்தினார்.

"இத்த யாரு சுட்டது?"

"ரயிலு சுட்டுச்சு. துன்னு," என்றாள் சொர்ணம்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நாலு இட்லியும் தின்றார். அதைப் பார்த்துச் சொர்ணத்துக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பாவம், வயிற்றையும் மனசையும் ஒன்றாக நினைத்துவிட்டாள்.

ஆலப்புழையில் படித்துறைக்கு அண்ணன்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். இவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கும்போது படகின் முன்பக்கம் பிரம்பு நாற்காலியில், சட்டையைக் கழற்றிவிட்டு லுங்கி பனியனில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். படகு அவர்கள் நினைத்ததைவிடச் சின்னது. மேலே மூங்கிலும் பாயும் வளைத்துக் கட்டிய கூரை, முன்னால் ஒரு ஸ்டியரிங், பின்னால் தேங்காய் எண்ணெய் காய்கிற வாசனை. கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு பலகை. பானு ஓடிப்போய் மாமனுக்குப் பக்கத்தில் நின்றாள். செல்வகுமார் அவள் தலையில் கைவைத்து, "இன்னா கண்ணு, எளச்சுட்ட," என்றார். கண் மட்டும் கரையில் இருந்தது.

எத்திராஜ் பலகைமேல் ஒரு காலை வைத்தார். வைத்துவிட்டார், பாருங்கள். சொர்ணத்துக்கு அப்பாடா என்றிருந்தது.

படகுக்காரர் நல்ல மனுஷர். நோட்டைப் பார்த்து ஆளைச் சரிபார்த்துவிட்டு, வந்தவர்களைச் சந்தோஷமாக வரவேற்க நினைத்தார். "வரணும், வரணும். நாளைக்குக் காலத்த ஒம்பது மணி வரைக்கும் இது செல்வகுமார் சாரோட வீடு. எல்லாரும் தைரியமா கேறி வாங்க."

எத்திராஜின் கால் பலகையிலிருந்து கீழே வந்தது.

"யாரு ஊடு?"

"பேரு சாருடேது தானே," என்று அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். மேல் வரியில் பெரிய எழுத்தில் செல்வகுமார், திருநின்றவூர்.

"எங்கிட்ட யாரு ஊடும் இல்லன்னு சொல்லிதான இட்டுகினு வந்த," என்றார் எத்திராஜ், பொண்டாட்டியைப் பார்க்காமலே. "கற்பூரம் அணச்ச கையி இது. என் கால வெச்சு வெளையாடறீங்களா, மூணு பொம்பளைங்களும் சேந்து?"

"அது வெறும் பேருய்யா. ஒருத்தரு பேரு போடணும்னாங்க," என்றாள் சொர்ணம்.

"என் பேரப் போட்டா தண்ணில மூழ்கிடுமா?"

நாற்காலியில் இருந்தவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போட்டுக்கு ஆதார் கேக்குறாங்க. நெலையா ஒரு எடத்துல இருக்கறவன் பேருதான் போடுவாங்க."

"மாமா," என்றாள் பானு.

"நான் யாரயும் சொல்லல கண்ணு. பொதுவா சொன்னேன்."

"பொதுவா சொல்றாராம்," என்று எத்திராஜ் படித்துறைக் கல்லைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கு வாங்குற கைன்னு சொன்னதும் பொதுவாதான் போலக்கீது. இன்னிக்குப் பத்திரிக வாங்கணும்னு நாற்காலி போட்டு உக்காந்துகினு கீறது யாரு கை?"

செல்வகுமார் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார். அனுசுயா அவர் தோளை அழுத்திப் பிடித்தாள். "உக்காரு. எழுந்தன்னா நான் தண்ணில குதிச்சுடுவேன்."

"உடு. பத்திரிக குடுக்க வந்தவன் பேச்சா இது? மாட்டப் புடிச்சுக் கட்டறவன் மாதிரி பேசறான். வேணாம். எனக்கு வேணாம். சம்பத்து கட்டிக்கட்டும் பட்டத்த."

"அப்பிடின்னா நான் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கறேன்," என்றாள் பானு. அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு பேரும் வராதீங்க. பட்டமும் வேணாம், மணையும் வேணாம்." சொல்லிவிட்டு உள்ளே ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். கதவைச் சாத்தவில்லை. அவள் முதுகு மட்டும் வெளியே தெரிந்தது.

பின்னால் இரண்டு படகுகள் இடத்துக்காகக் காத்திருந்தன. அதில் ஒருவன் ஹாரன் அடித்தான். படகுக்காரருக்குத் தன் வாயால் ஏதோ கெட்டுவிட்டது என்று புரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை. "அம்மா, எடுக்கணம். நேரம் ஆயி," என்றார் தயவாக.

சொர்ணம் ஐம்பத்தாறு வயசில் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. அதட்டினால் எது முதலில் உடையும் என்ற பயத்திலேயே இருந்தவள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒரே முகமாகத்தான் இருந்தது அவளுக்கு. தோள்பையைக் கல்மேல் இறக்கி, பித்தளைத் தட்டை எடுத்துவைத்தாள். வெற்றிலையை உதறி வைத்தாள். பாக்கு, மஞ்சள், குங்குமம், நாலு வாழைப்பழம். மேலே பத்திரிகை, மஞ்சள் தடவிய மூலை தெரிகிற மாதிரி. எடுத்துவைத்த வேகத்தில் ஒரு பாக்கு உருண்டு தண்ணீரில் விழுந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

"பலகைய எடுத்துடுங்க," என்றாள் படகுக்காரரிடம்.

"அம்மா கேறலயா?"

"நாங்க ஏறல. எடுங்க."

பலகை உள்ளே போயிற்று. கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம் பச்சைத் தண்ணீர். சொர்ணம் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கல்லின் விளிம்புக்குப் போனாள்.

"அண்ணா. நீ துன்னு தூங்குற எடத்துக்கு வந்துகீறோம். அவரு உன் ஊட்ட மிதிக்கல. இதுக்கு மேல என்னால முடியாது. வந்து வாங்கு."

"உள்ள வந்து குடுக்கச் சொல்லு," என்றார் செல்வகுமார். ஆனால் சட்டையைத் தேடி எடுத்துக் கையை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"புருசனும் சேந்து குடுக்கணும்னு சொன்னதும் நீதான. குடுய்யா, நீயும் புடி."

எத்திராஜ் அசையவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அவருக்கு என்ன தெரியும், பாவம். பழம் வெற்றிலை கொடுத்து வழியனுப்புகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார். இஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஒரு முழம் ஒன்றரை முழமாயிற்று. சொர்ணம் தட்டை நீட்டினாள். நீட்டியது போதவில்லை, குதிகால் கல்லைவிட்டு எழும்பியது. பழங்கள் தட்டின் விளிம்புக்குச் சரிந்தன. "விழுந்துருவ, சொர்ணா," என்று அனுசுயா கத்தினாள். உள்ளே ரூமில் அந்த முதுகு திரும்பியது.

எத்திராஜின் ஒரு கை பொண்டாட்டியின் இடுப்புப் புடவையைக் கொத்தாகப் பிடித்தது. இன்னொரு கை சரிந்த தட்டுக்கு அடியில் போய் நின்றது. அந்தப் பக்கம் செல்வகுமார், ஒரு கை மட்டும் நுழைந்த சட்டையோடு, கூரை மூங்கிலைப் பிடித்துத் தண்ணீர்மேல் சாய்ந்திருந்தார். அவருடைய இன்னொரு கை நீண்டிருந்தது, விரல்கள் விரிந்து. நடுவில் பித்தளைத் தட்டில் வெயில் ஏறியிருந்தது. மேல் வெற்றிலை ஒன்று காற்றில் எழும்பி எழும்பி அடங்கியது. கீழே, படகு தள்ளிவிட்ட தண்ணீர் கரைக்கல்லில் மோதிவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.