ஃப்ளோரா கயிறு கேட்டது

1
ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் ஒரு முகாமுக்குப் போனேன். பயத்தைத் தாண்டினால்தான் மனிதன் வளர்வானாம். இடுப்பில் கயிறு கட்டி முப்பதடி மேடையிலிருந்து குதிக்கச் சொன்னார்கள். ஏறினேன். ஏறிய ஏணியிலேயே இறங்கிவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இப்போது கதையில் வேறொருத்தியைக் குதிக்க வைக்கிறேன்.

2
“கடல் அன்று கண்ணாடிபோல்—”

வேண்டாம். திருவொற்றியூர்க் கடல் எந்தக் காலத்தில் கண்ணாடியாக இருந்தது?

ஃப்ளோராவுக்கு ஐம்பத்தொரு வயது. காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வேலை. கர்ப்பப்பையை எடுத்தபோது டாக்டர் மூன்று மாதம் கனம் தூக்காதே என்றார். மூன்று வருடமாகியும் குடும்பம் அவளை ஒரு குடம்கூடத் தூக்க விடவில்லை. வெறுத்துப்போய் நீச்சல்குளத்தில் சேர்ந்தாள். எட்டு மாதத்தில் குளம் சின்னதாகிவிட்டது.

3
ஞாயிறு பூசை முடிந்ததும் புருஷன் பொன்ராஜ் அவளை ஃபைபர் படகில் கூட்டிப்போனான். படகு இன்ஜின் மெக்கானிக் அவன். கரைப் பாறைகளிலிருந்து இருநூறு மீட்டரில் நிறுத்தினான். அங்கிருந்து பாறை வரை நீந்துவது அவள் திட்டம்.

“குளத்துல அடியில தரை கீது. இங்க இன்னாமே கீது?”

“அதத் தெரிஞ்சிக்கத்தான் வந்துகிறேன்.”

“எனக்கு பேஜாரா கீது.”

“நீ இன்ஜினைப் பாருய்யா.”

குதித்தாள். (இங்கே வாழ்க்கையைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறியவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.)

பொன்ராஜ் படகைப் பின்னாலேயே மெல்ல ஓட்டிவர, பாதித் தூரம் நன்றாகவே போனாள். அப்புறம் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. பாறை தள்ளித் தள்ளிப் போவதுபோல் இருந்தது. ஒருமுறை முழுகினாள், குளத்தில் சொல்லிக்கொடுத்தபடி மல்லாந்து மிதந்தாள். மூச்சு திரும்பியதும் கையைத் தூக்கினாள்.

“கயிறு போடுய்யா.”

என் முதல் வரைவில் அவள் பாறையைத் தொட்டு, வெற்றியோடு— இல்லை. கயிற்றை அவளேதான் கேட்டாள்.

4
படகில் ஏறி இருமி முடித்தவள், அவன் இன்னும் கயிற்றை விடாமல் பிடித்திருப்பதைப் பார்த்தாள்.

“நான்தான் வந்துட்டேனே. இன்னும் ஏன் கயித்த வுடாம கீறே?”

பொன்ராஜ் இன்ஜினைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நீ முழுகிட்டா எறங்கித் தூக்க எனக்கு நீச்சல் தெரியாதுமே.”

“இருபத்தெட்டு வருசமா சொல்லவேல்ல?”

“நீ கேக்கவேல்ல.”

 படகில் கிடந்த மிதவைச் சட்டையை எடுத்து அவனுக்குப் போட்டு, வாரை இறுக்கினாள்.

“கயிறு என் கையில கீது. எறங்கு.”

5
இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் இறங்குகிறான். இன்னொன்றில், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்கிறான். இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பொன்ராஜ் படகு விளிம்பில் உட்கார்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், காலைத் தண்ணீரில் விட்டிருக்கிறான். இனி உங்கள் பாடு. ஒன்றே ஒன்று, அவனை அவசரப்படுத்தாதீர்கள்.