பதில் சொல்ற வரைக்கும் நிக்கும்

எனக்கு ஆன்லைன் படிப்பு ஒத்துவருமா வராதான்னு கிளாரா அண்ணியா முடிவு பண்றது? எங்க வீட்டுக்காரரோட அக்கா, விழுப்புரத்துல காலேஜ் டீச்சர். இருக்கட்டுமே, என் மண்டைக்குள்ள பூந்து பாத்தாங்களா? ரெண்டாவது வருஷத்துல கல்யாணம்னு நின்னுபோன பி.காமை முடிக்கப்போறேன்னு சொன்னதுக்கு, யாராச்சும் எதிர்ல நிக்காட்டி நீ படிக்க மாட்ட, ரெகுலர்ல சேருன்னுட்டாங்க. திண்டிவனத்துல இருக்கற தையல் கடையப் பூட்டிட்டு தினமும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறணுமாம். நடக்கற கதையா?

ஆன்லைன் காலேஜ்காரன், சேர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் காசில்லாம பாடம் பாக்கலாம்னு போட்டிருந்தான். தைச்சிக்கினே எல்லா வீடியோவையும் பாத்துத் தள்ளினேன். வீட்டுக்காரரு ஆன்டனி, தேய்மானம்னா என்னான்னு கேட்டாரு. வாயத் தொறந்தா காத்துதான் வருது. பேஜாரா போச்சு. அண்ணி சொன்னதுதான் நெஜமோன்னு பயந்துட்டேன்.

அன்னிக்கு சாயங்காலம் எங்க வீட்டுல செபமாலை. அக்டோபர் மாசம் மாதா சொரூபம் வீடு வீடா வரும். ஒவ்வொரு செபத்துலயும் முன்பாதி ஒருத்தர் சொல்லுவாங்க, பின்பாதி நாங்க எல்லாரும். சொல்லிக்கினு இருக்கறப்பவே பொறி தட்டுச்சி. இத நான் எப்ப உக்காந்து படிச்சேன்? பதில் சொல்லிச் சொல்லியே வந்தது இல்லியா.

மறுநாள் பாடம் ஓடறப்ப மிஷினை நிறுத்திட்டேன். வீடியோவுல வாத்தியார் கேள்வி கேட்டதும் அவரையும் நிறுத்திட்டு, சத்தமா பதில் சொன்னேன். தப்பா போனா திருப்பிப் போட்டேன். ஜாக்கெட் வாங்க வந்த அம்சா, ஃபோன்ல யார்கூட சண்டைன்னு கேட்டா.

ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சி அண்ணி வந்து கேள்வி கேட்டாங்க. தேய்மானத்துக்கு, வருஷா வருஷம் மதிப்பு கொறையறத என் தையல் மிஷினையே காட்டி வெளக்கினேன். அடுத்ததுக்கு, தெரியலைன்னேன். அண்ணி சிரிச்சாங்க. எனக்கு சுருக்குன்னுது.

"அண்ணி, காலேஜ் நின்னது கல்யாணத்தால இல்ல. சார் கேட்ட கேள்விக்கு முழிச்சேன். அவரு கொஞ்சம் கூட நிக்கல, அடுத்த பொண்ணுகிட்ட போயிட்டாரு. கிளாஸே சிரிச்சுது. அப்புறம் எனக்கு அங்க போக கால் வரல. இது நான் பதில் சொல்ற வரைக்கும் நிக்குது. நான் இதுலதான் சேரப்போறேன்."

அண்ணி சிரிப்பு அடங்கிடுச்சி. அப்புறம் என் ஃபோனை வாங்கி, எனக்குத் தெரியாத அந்தப் பாடத்தைத் தேடிப் போட்டாங்க. கேள்வி வந்ததும் அவங்களே நிறுத்திட்டு, என் மூஞ்சியப் பாத்துக்கினு பேசாம உக்காந்திருந்தாங்க.